மரகதம் அக்கா படித்துச் சொன்ன வரி

குரும்பலூர் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது போன் வந்தது. ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்பியிருந்தேன். மாமியாருக்குக் கஞ்சி ஊட்டி, துணி மாற்றி, நானும் குளித்துவிட்டு, அக்காவுக்கு ரசம் சாதம் எடுத்துக்கொண்டு நின்றேன். போனில் அக்காவின் தம்பி. ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் வேலை செய்பவர். "ஆஸ்பத்திரிக்கு வேணாங்க. நேரா அக்கா வூட்டுக்கு வந்துடுங்க" என்றார். ரசம் சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

பெரம்பலூரில் ஆபீஸ்களுக்கு எதிரே இருக்கும் டைப்பிங் கடைக்கு வந்து போன உங்கள் எல்லோருக்கும் அங்கே டைப் அடித்த மரகதம் அக்காவைத் தெரியும். நான் அதே கடையில் ஜெராக்ஸ் எடுப்பவள். நாலாவது வரைக்கும்தான் படிப்பு. படத்திறப்பு அன்று என்னைப் பேசச் சொன்னார்கள். நின்றேன், வாய் வரவில்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

ஒரு கிளார்க், புரமோஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வந்தார். ராமநாதபுரம் போகச் சொல்லியிருந்தார்களாம். அன்வில்லிங் என்று ஒரே வரி அடித்துக் கொடுத்தால் போதும் என்றார். அக்கா விரலை மெஷினில் வைக்கவே இல்லை. வேண்டாமா, முடியவில்லையா என்று கேட்டார். ரெண்டும் ஒன்றுதானே என்றார் அவர்.

"ஒண்ணு இல்லீங்க சார். அன்வில்லிங்னா ஆசையே இல்லன்னு ஆயிடும். உங்களுக்கு ஆசை இருக்கா, இல்லையா?"

இருக்கிறது என்றார் அவர். பிறகு, சம்சாரத்துக்கு வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ், விட்டுவிட்டுப் போக முடியாது என்றார். அக்கா அதை எழுதி, 'அனேபிள்' என்று போட்டார். முடியவில்லை என்று அர்த்தமாம். வாங்கிப் படித்தவர், அக்கா வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவர் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கு நேர் எதிராகவும் செய்வார். வரதராஜன்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி வந்தார்கள். அவர்கள் மானாவாரிக் காட்டை ஒருவர் விலைக்குக் கேட்டு விடாமல் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். பதிலை வேறு யாரோ இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதில் 'ரிலக்டன்ட்' என்று ஒரு வார்த்தை. அக்கா அதைப் பேனாவால் சுழித்தார். இது வேண்டாம் என்கிற வார்த்தை இல்லை, தயங்குகிறோம் என்கிற வார்த்தை, இன்னும் ரெண்டு தடவை கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று கேட்கிறவர் நினைத்துக்கொள்வார் என்றார். அவர்களுக்கு மட்டும் 'நாட் வில்லிங்' என்று அடித்தார். அந்தம்மாவுக்கு அதுவும் போதவில்லை. இன்னும் காட்டமாக எழுதச் சொன்னது.

"இதுக்கு மேல காட்டமா அடிச்சா தாளு ஓட்டையாயிடும் ஆயா."

அந்தம்மா சிரித்துவிட்டது.

அக்கா யாருக்கும் தாளை மாற்றிப் படித்துச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் போன பிறகு உதவித்தொகைக்கு எழுதிப் போட்டேன். பதில் இங்கிலீஷில் வந்தது. முதல் வரியில் வருத்தம் எல்லாம் தெரிவித்திருந்தார்களாம். நான் ஆசையாக அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "சுத்தி வளைச்சு எழுதியிருக்கான். ஆனா இல்லன்னுதான்டி எழுதியிருக்கான்" என்றார். அன்றைக்கு எனக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது.

கடைசியில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் உடனே திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, கூடத் தங்க ஆள் வேண்டும். தம்பி லீவு கிடைக்காது என்றார். எனக்கு மாமியார் படுத்த படுக்கை. அப்படியானால் கூட்டிப்போகவில்லை என்று எழுதிக் கொடுங்கள் என்று நர்ஸம்மா தாளில் இங்கிலீஷில் ஒரு வரி எழுதி நீட்டினார். தம்பி வாங்கவில்லை. நான் வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

அக்கா தாளைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் படித்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"கூட்டிட்டுப் போவ முடியலன்னு எழுதியிருக்கு. சரியாத்தான் எழுதியிருக்காங்க. நீ போயி அத்தைக்குக் கஞ்சி ஊட்டிட்டு வா."

நான் போனேன்.

காரியம் எல்லாம் முடிந்து, ஆஸ்பத்திரித் தாள்களை ஜெராக்ஸ் எடுக்கத் தம்பி கடைக்குக் கொண்டுவந்தார். அக்கா இடத்தில் இப்போது டைப் அடிக்கும் பெண்ணிடம் என் கையெழுத்துக்கு மேலே இருந்த வரியைக் காட்டினேன். "நாட் வில்லிங்னு இருக்குங்கக்கா. திருச்சிக்குக் கூட்டிட்டுப் போவ விருப்பமில்லையாம்" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சண்டை போடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் என்னவென்று போடுவது? பக்கத்து வீட்டுச் செல்வியிடம் நாலு நாள் மாமியாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தால் மாட்டேன் என்றிருக்க மாட்டாள். நான் கேட்கவே இல்லை. திருச்சி ஆஸ்பத்திரியில் படிக்கத் தெரியாமல் தனியாக அலைய வேண்டுமே என்ற பயம். மாமியாரைக் காரணமாகச் சொல்லிவிட்டேன். இந்தப் பயத்துக்கு இங்கிலீஷில் எந்த வார்த்தை போடுவது என்று கேட்க இனி ஆள் இல்லை.

நர்ஸம்மா தப்பாக எழுதவில்லை. அக்காவுக்கும் அது தெரிந்திருக்கும். தெரிந்துதான் எனக்கு மாற்றிப் படித்திருக்கிறார். அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த 'முடியல' ஒன்றுதான். அது தாளில் இல்லை.