முதலையை மாற்ற மறுத்த பாட்டுக்காரர்

முத்துக்காளை இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர், அவரால் முதலைக்கு இரையாக்கப்பட்டவர். "மேடம்ஜி, நம்ம பாட்டுக்காரர் போயிட்டாரு. ராத்திரி படுத்தவரு சுபே எழுந்திரிக்கவே இல்ல," என்று போனில் சொல்லிவிட்டு, காண்ட்ராக்டர் தங்கராசு தேம்பித் தேம்பி அழுதார். தன்னைக் கொன்றவருக்காக ஒருவர் இப்படி அழுது நான் கேட்டதில்லை. கொலை நடந்தது நாவலில்தான் என்பது நம் தமிழ் மன்ற இதழைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

முத்துக்காளை, எங்கள் தீவின் வடகோடிக்குப் போகும் திக்லிபூர் பஸ்ஸில் கண்டக்டர். வீடு கராச்சர்மாவில். முருகன் கோயில் பங்குனித் திருவிழாவுக்கு நாட்டுப்புற மெட்டில் பாட்டுக் கட்டிப் பாடுவது அவர்தான். பந்தல் போட்டவர், மைக் செட் கொடுத்தவர் எல்லோர் பெயரும் பாட்டில் வந்தாக வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். யார் வந்து கேட்டாலும் அடுத்த வரியில் ஏற்றிவிடுவார். "பேருதானே மேடம்ஜி, தாளம் இடிக்காம உக்காந்துக்கும்," என்பார்.

அவரிடம் ஒரே தொல்லை, நீளம். காவடிப் பாட்டு என்று தொடங்குவார். பாக்கு மூட்டையோடு பஸ்ஸில் ஏறிய ஒரு விதவை, அவள் மருமகள், மருமகளின் அண்ணன் என்று போய்க்கொண்டே இருக்கும். முருகன் வருவதற்குள் காவடி எடுத்தவருக்குக் கால் கடுத்துவிடும். "இது பாட்டே இல்லை, நாவல். எழுதிக் கொடுங்கள், இதழில் போடுகிறேன்," என்று எரிச்சலில்தான் ஒருநாள் சொன்னேன். மறு மாதமே முதல் அத்தியாயம் வந்தது. பத்திக்குப் பத்தி முதல் வரி இரண்டு தடவை இருந்தது. ஒன்றை அடித்தேன். "அப்ப பின்பாட்டுக்காரங்க என்ன பண்ணுவாங்க?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். ஆனால் அந்த விதவை வாய் திறந்து பேசத் தொடங்கிய பக்கத்தில் என் பேனாவுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

தொடர் சூடு பிடித்ததும் விழாக் குழுத் தலைவரான தங்கராசு அவரைப் பிடித்துக்கொண்டார். "நாவல்ல நம்ம பேரு எப்போ வரும்?" கதையில் பெயர் வைக்காத ஒரு காண்ட்ராக்டர் இருந்தார். பழக்க தோஷம், முத்துக்காளை அவருக்குத் தங்கராசு என்றே பெயர் வைத்துவிட்டார். கதைத் தங்கராசு பாலம் கட்டினார், ஏழைப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். நிஜத் தங்கராசு இதழைக் கட்டுக்கட்டாக வாங்கி, மெயின்லேண்டில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கப்பலில் அனுப்பினார். பிறகு ஒரு மாதம், பாராடாங்கில் ஃபெரியின் ஓரத்தில் நின்று ஒரு லாரிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்த கதைத் தங்கராசு கால் தவறித் தண்ணீரில் விழுந்தார். முதலை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

இதழ் வந்த அன்றே தங்கராசுவும் மனைவியும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். முத்துக்காளையையும் வரவழைத்தேன். "முதலைதான் கிடைச்சுதாண்ணே? ஒரு ஹார்ட் அட்டாக் வெச்சிருக்கக் கூடாதா?" என்று அந்த அம்மாள் கேட்டார். தங்கராசு பேரம் பேசவில்லை. "அடுத்த மாசம் நான் பொழச்சு வந்துட்டதா எழுதுங்க. இல்லேன்னா இந்த வருஷம் கோயில்ல உங்க பாட்டு பந்த்," என்றார்.

வருடம் முழுவதும் முத்துக்காளை காத்திருப்பது அந்த மேடைக்குத்தான். பெயர் கேட்ட யாருக்கும் இல்லை என்று சொல்லியறியாத மனிதர், ஆறிப்போன காபியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியாதுங்க," என்றார். "பாட்டு வேற. அதுல நீங்க சொல்றபடி போடுவேன், சாமி கோவிச்சுக்காது. ஆனா இவரு தண்ணில விழுந்தத நான் பாத்துட்டேன். பாக்கலேன்னு எப்படிங்க எழுதறது?"

அதுவரை அவரை நாவலாசிரியர் என்று நான் அழைத்ததெல்லாம் உற்சாகப்படுத்துவதற்காகத்தான். அன்றுதான் அது உண்மை என்று தெரிந்தது.

அந்தப் பங்குனியில் வேறொருவர் பாடினார். முத்துக்காளை செருப்பு விடும் இடத்தில் நின்று கேட்டார். அன்னதானத்துக்கு நிற்காமல் போய்விட்டார்.

அடுத்த அத்தியாயம் தங்கராசுவின் இறுதி ஊர்வலம். உடம்பு கிடைக்காததால் போட்டோவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெங்காலிக் கடைக்காரர்கள் கடையடைத்தார்கள், தெலுங்கு மீனவர்கள் கடலுக்குப் போகவில்லை, ஊரே ரோட்டில் நின்று அழுதது. அதைப் படித்துவிட்டுத் தங்கராசு தனியாக என்னைப் பார்க்க வந்தார். "மேடம்ஜி, சச் போலோ, நெசத்தச் சொல்லுங்க. நான் போனா இவ்ளோ பேரு வருவாங்களா?" எங்கள் தெருவில் அவர் கட்டிய சாக்கடை எனக்கு நினைவு வந்தது. காபி கலக்கிறேன் என்று உள்ளே நகர்ந்தேன். "ஒரு எழுத்தும் மாத்த வேணாம்," என்று எழுந்தார். "முதலையும் இருக்கட்டும்." மறு வருடம் மேடை முத்துக்காளையிடம் திரும்பி வந்தது.

நாவலை முடித்துவிட்டுத்தான் அவர் போனார் என்பது எனக்கு ஆறுதல். ஆனால் எடுக்கும் நேரத்தில் வாசலில் கூட்டமே இல்லை. தங்கராசு தெருவின் இந்த முனையையும் அந்த முனையையும் பார்த்தார். "என் சாவுக்கு வந்ததுல பாதிகூட இல்லையே மேடம்ஜி," என்று உடைந்துபோனார். பிறகு விறுவிறுவென்று ரோட்டுக்குப் போய், வந்துகொண்டிருந்த டவுன் பஸ்ஸை மறித்தார். "கண்டக்டர் ஒருத்தர் போயிட்டாரு. ஒரு நிமிஷம் எறங்கி வாங்க," என்று தமிழிலும் இந்தியிலும் கெஞ்சினார். முன்பின் தெரியாத அந்த ஜனங்கள் மார்க்கெட் பையோடு இறங்கி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள்.

முத்துக்காளையிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது, அன்று என் வீட்டில் அவர் சொன்ன அந்த ஒரு சொல்லைத்தான். இதை அச்சுக்கு அனுப்பும் முன் தங்கராசுவுக்குப் படித்துக் காட்டினேன். "எல்லாம் சரி. கூட்டம் இல்லேன்னு மட்டும் எழுதாதீங்க. அவருக்கு அது மரியாதையா?" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது. எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அந்த வாசலில் நானும் நின்றிருந்தேன்.

முடியாதுங்க, என்றேன்.