கடையோடு நின்றுவிட்ட ஞானம்

என் வீட்டுக்காரரை ஊரில் எல்லோரும் ஞானி என்கிறார்கள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கண்ணைச் சோதித்து, பவர் பார்த்து, ஃபிரேமைக் காதுக்குத் தகுந்தபடி வளைத்துக் கொடுப்பார். அவ்வளவுதான் தொழில். ஆனால் கடைக்குப் பின்னால் இருக்கிற இருட்டறையில், எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார்ந்ததும் சனங்களுக்கு எப்படித்தான் வாய் திறக்குமோ, மருமகள் சண்டை, தம்பி செய்த துரோகம், தூக்கம் வராத கவலை என்று எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். இவர் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே கேட்பார். கடைசியில் ஒரு வார்த்தை சொல்வார். அதைப் பத்திரமாகச் சுமந்துகொண்டு போவார்கள்.

எனக்கு வயிறு எரியும். மறைப்பானேன்? வீட்டில் இந்த மனிதரிடம் என்ன சமைக்கட்டும் என்று கேட்டால் "ஏதாவது" என்பார். என் அம்மா போய்ச் சேர்ந்த அன்றுகூட என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாரே தவிர, ஒரு சொல் உதிர்க்கவில்லை. அடுத்த வாரமே, புருஷனைப் பறிகொடுத்த பூக்கடைக்காரி என்னை வழிமறித்து, "உங்க வீட்டுக்காரர் சொன்ன ஒரு வார்த்தையிலதான்க்கா எழுந்து நிக்கிறேன்" என்று அழுதாள். நானும் ஏதோ தெரிந்தவள்போலத் தலையாட்டினேன். அது என்ன வார்த்தை என்று கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை.

கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரும் கடைக்கு வருவார். அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இவரோ விடியற்காலையில் கண்ணை மூடி உட்கார்ந்தால் பால் பொங்கி வழிந்தாலும் திறக்கமாட்டார். இரண்டு பேரும் ஒரு டீயைப் பாதியாக ஊற்றிக்கொண்டு வாதாடுவார்கள்.

"தெரியாததைத் தெரியாதுன்னு ஒத்துக்கிறதுதாங்க ஞானம்" என்பார் பேராசிரியர்.

"தெரியாட்டியும் பிடிச்ச கையை விடாம இருக்கிறதுதான் சார் ஞானம்" என்பார் இவர்.

இவ்வளவு பேச்சா இந்த மனிதருக்குள் இருக்கிறது என்று நான் சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்று கருவிக்கொண்டிருப்பேன்.

இந்த லட்சணத்தில்தான் எங்கள் ஒரே மகன், கைநிறையச் சம்பளம் வாங்குகிறவன், வேலையை விட்டுவிட்டுத் துறவியாக ஒரு மடத்தில் சேரப்போகிறேன் என்றான். நான் அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். அவன் அசையவில்லை. அப்பாவைப் பார்த்து மட்டும், "நீங்க வேணாம்னு சொன்னா போகலப்பா" என்றான். இவர் "யோசிச்சுச் சொல்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். ஊராருக்கெல்லாம் நின்ற நிலையில் பதில் சொல்கிறவர், பெற்ற பிள்ளை விஷயத்தில் நாள்கணக்காக யோசித்தார். மகன் கிளம்ப வேண்டிய நாளும் நெருங்கிவிட்டது.

பொறுத்துப் பார்த்தேன். ஒருநாள் கடைக்குப் போய், வந்தவர்களோடு வந்தவளாக பெஞ்சில் உட்கார்ந்து, என் முறை வந்ததும் இருட்டறைக்குள் போனேன்.

"சாப்பாடா?" என்றார்.

"இல்ல. கண்ணு பாக்கணும். ஊர்ல எல்லாருக்கும் பாக்குறீங்கல்ல."

மறுபேச்சில்லாமல் சோதனை ஃபிரேமை என் மூக்கில் மாட்டி, லென்ஸைப் போட்டார். "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?"

"என் பையன் போறேங்கிறான். விடலாமா, கூடாதா? இங்க வர்றவங்களுக்குச் சொல்ற மாதிரி எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

லென்ஸை எடுக்க வந்த கை அப்படியே நின்றது.

"அவங்களுக்கு என்ன, சொல்லிடலாம். அவங்க கஷ்டம் எனக்கு வலிக்காது" என்றார். பெட்டியில் இருந்த லென்ஸ்களை வரிசைப்படுத்திக்கொண்டே, "தினமும் கண்ணை மூடிட்டு உக்கார்றேனே, இப்பல்லாம் என்ன வேண்டிக்கிறேன் தெரியுமா? அவனை எங்கிட்ட இருந்து எடுத்துக்காதேன்னுதான். இத்தனை வருஷம் கும்பிட்ட சாமி மேலயே பொறாமையா இருக்கு. விடணும்னு புரியுது. வாய்தான் வரமாட்டேங்குது."

பொறாமை என் ஒருத்தியின் சொத்து என்றல்லவா நினைத்திருந்தேன். பலகையில் இருந்த பெரிய எழுத்துகூட எனக்குக் கலங்கித் தெரிந்தது.

வெளியே பேராசிரியர் செருமினார். "உள்ள யாருங்க? நேரமாகுமா?"

எழுந்து போய்க் கதவை ஒரு சாண் திறந்தேன். "ஆகும் சார். நாளைக்கு வாங்க" என்று சொல்லித் தாழ்ப்பாள் போட்டேன்.

மகன் கிளம்பிய அன்று, அவருக்கு வராத வார்த்தையை நான்தான் சொன்னேன். "போப்பா. நல்லா இரு." இவர் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் உதிர்க்கவில்லை.

பூக்கடைக்காரிக்கு என்ன சொன்னார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அது அவளுக்கே இருந்துவிட்டுப் போகட்டும்.