கடைசிப் பக்கம் பார்த்து வாங்குகிறவள்

அன்று பேச்சை ஆரம்பித்தவர் கண்ணாடிக்காரர்தான். புத்தகக் கடைக்காரருக்கு அந்தப் பெயரை வைத்தது சித்தி. மூக்கின் மேல் ஒரு கண்ணாடி, நெற்றியின் மேல் ஒரு கண்ணாடி, இரண்டும் இருக்கக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார்.

"ஏம்மா, நானும் இத்தனை வருஷமா பாக்கறேன். கடைசிப் பக்கத்தைப் படிச்சுட்டுத்தான் வாங்கறீங்க. அப்புறம் மிச்சத்தை எதுக்கு வாங்கறீங்க?"

சித்தி கையிலிருந்த நாவலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மிச்சத்தை நிம்மதியா படிக்கத்தான்."

"கொலை பண்ணது யாருன்னு தெரிஞ்சுபோச்சுன்னா என்ன சுவாரஸ்யம்?"

"எவன் பண்ணா எனக்கென்ன? அந்தப் பொண்ணு உயிரோட இருக்காளா இல்லையா, அதான் எனக்கு வேணும்."

"இருக்காளா?"

"இருக்கா. கல்யாணம்கூட ஆயிடுச்சு." சித்தி புத்தகத்தை மூடி இடுப்போடு இடுக்கிக்கொண்டாள்.

"சரி, கதைக்கு அப்படி. இந்தத் தேனீ வளர்ப்புப் புத்தகத்துக்கு என்ன முடிவு இருக்கு? அதையும் பின்னாடி புரட்டறீங்களே?"

சித்தி அதைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் சொற்களும் பக்க எண்களும் அகர வரிசையில் நின்றன. கடைசி வரியில் விரலை வைத்துப் படித்தாள். "வெயில் காலப் பராமரிப்பு, நூத்து நாப்பது. பாத்தீங்களா? வெயில் காலம் வரைக்கும் பொழச்சுக் கெடக்கு. எடுத்துக்கறேன்."

கண்ணாடிக்காரர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, பக்கத்தில் நின்ற அக்கா மகளைப் பார்த்தார். "நீயாவது உங்க சித்திக்கு எடுத்துச் சொல்லக்கூடாதாம்மா?"

"அவளா?" என்றாள் சித்தி. "அது ஒரு ஊமைக்கோட்டான். வீட்டுக்குள்ள பாம்பு வந்து படுத்தாலும், சத்தம் போட்டா பாம்போட தூக்கம் கலையுமேன்னு கம்முனு இருக்கும்."

அவளும் சிரித்தாள், சத்தம் வராமல். அந்த ஊரில் வேலை கிடைத்ததிலிருந்து இரண்டு வருடமாகச் சித்தி வீட்டில்தான் இருந்தாள். ஒரு மொழியில் வந்த காகிதங்களை இன்னொரு மொழிக்கு மாற்றிக் கொடுக்கிற வேலை. இரண்டு மொழியிலும் படித்தவள் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். இரண்டிலும் பேசுவதில்லை என்பான் அண்ணன்.

கண்ணாடிக்காரரின் கடையில் கதைப் புத்தகம் ஒரு பக்கம், மற்றவை ஒரு பக்கம் என்ற பிரிவே கிடையாது. உயரம் பார்த்து அடுக்கியிருப்பார். "ஒசரம் ஒண்ணா இருந்தாத்தான் ஒரே இழுப்புல தூசி தட்டலாம்" என்பது அவர் கட்சி. அதனால் ஒரு கொலைக் கதைக்கும் ஒரு பேய்க் கதைக்கும் நடுவே பாலம் கட்டும் கலை நின்றது. காதல் நாவலின் தோளில் சிறுநீரகப் பாதுகாப்பு சாய்ந்திருந்தது. எதைத் தேடினாலும் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். சித்திக்கு அதுதான் பிடித்தது. விடுமுறை நாளில் காலையில் உள்ளே போனால் பசி வந்த பிறகுதான் வெளியே வருவாள்.

சித்திக்கு ஏன் இந்தக் கடைசிப் பக்கப் பைத்தியம் என்று கடைக்காரருக்குத் தெரியாது. அக்கா மகளுக்குத் தெரியும். சித்திக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை. காதில் ஹெட்செட், முன்னால் தெரு வரைபடம். யாராவது அலறிக்கொண்டு கூப்பிடுவார்கள். சித்தி முகவரி வாங்குவாள், வண்டியை அனுப்புவாள், வண்டி போய்ச் சேரும்வரை லைனில் இருந்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். நெஞ்சை அழுத்துங்க, எண்ணுங்க, நிறுத்தாதீங்க. வண்டிக்காரர்கள் கதவைத் தாண்டி உள்ளே வந்த நொடியில் லைனை வைத்துவிட வேண்டும். அது விதி. அடுத்த அழைப்பு காத்திருக்கும். பிழைத்தார்களா இல்லையா என்று ஆஸ்பத்திரியில் விசாரிக்கவும் கூடாது.

பத்தொன்பது வருடம். ஆயிரக்கணக்கான கதைகள், எல்லாவற்றையும் நடுவில் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், "முடிவு தெரியாம நான் எதையும் ஆரம்பிக்கறதில்ல" என்பாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள்.

அந்தப் பேச்சு நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு காலை, பத்தேகால் மணிக்கு ஒரு தாய் கூப்பிட்டாள். எட்டு மாதக் குழந்தை, தொண்டையில் ஏதோ சிக்கி மூச்சு வரவில்லை. சித்தி குழந்தையைக் கவிழ்த்துப் பிடிக்கச் சொன்னாள், முதுகில் தட்டச் சொன்னாள், தாயோடு சேர்ந்து எண்ணினாள். ஆறு நிமிடத்தில் வண்டி வந்தது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "தள்ளுங்க, தள்ளுங்க" என்று ஒரு குரல். தாய் போனை மேஜை மேல் போட்டுவிட்டு ஓடினாள்.

சித்தி லைனை வைக்கவில்லை. குழந்தை அழுகிற சத்தம் வரட்டும், கேட்டுவிட்டு வைத்துவிடலாம் என்று இருந்தாள். எந்தச் சத்தமும் வரவில்லை. மேஜை மேல் கிடந்த போனில் மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. சூப்பர்வைசர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் வைத்தாள்.

நாற்பத்தொரு விநாடி.

அன்று எல்லா இருக்கையிலும் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்பத்தொரு விநாடியும் ஒரு பெரியவர் சித்தியின் லைனுக்காகக் காத்திருந்தார். தனியாக இருந்தவர். நெஞ்சில் பாரம். சித்தி எடுத்தபோது அவர் முகவரியில் பாதியைத்தான் சொன்னார். மீதியை வரைபடத்தில் தேடி வண்டியை அனுப்பினாள். வண்டி போனபோது அவர் தரையில் கிடந்தார் என்பது வரை தெரியும். அதற்கு மேல் தெரியாது.

மறுநாள் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். மணி அடிக்கிறது, அடிக்கிறது, நடுவில் பெரியவர் மெதுவாகக் கேட்கிறார், "யாராவது இருக்கீங்களா?" வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது சித்தியின் முகத்தில் ஈயாடவில்லை. விசாரணை முடியும்வரை ஹெட்செட் கிடையாது, பின்னறையில் உட்கார்ந்து தெருப் பெயர்களைச் சரிபார்க்க வேண்டும். முடிவைக் கடிதத்தில் அனுப்புவார்கள்.

"எப்ப வரும்?" என்று அவள் கேட்டாள்.

"சொல்லல."

"பெரியவர்?"

"அதையும் கடிதத்துலதான் சொல்வாங்களாம்."

அதன் பிறகு சித்தி தினமும் வேலை விட்டதும் நேரே புத்தகக் கடைக்குப் போக ஆரம்பித்தாள். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டவளால் ஓரிடத்தில் உட்கார முடியாதே, அப்படி அலமாரி அலமாரியாக நடந்தாள். அக்கா மகளும் அலுவலகம் முடிந்து போய்ச் சேர்ந்துகொள்வாள். சித்தி ஒரு புத்தகத்தை எடுப்பாள், கடைசிப் பக்கம் பார்ப்பாள், வைத்துவிடுவாள். நல்லபடி முடிந்தால் "சும்மா எழுதியிருக்கான்" என்பாள். மோசமாக முடிந்தால் பெயர் தெரியாதபடி முதுகை உள்ளே தள்ளி வைப்பாள். கப்பல் பயணக் குறிப்பு, வரலாறு, துப்பறியும் கதை, ஒரே நாளில் முப்பது புத்தகம் பார்த்து ஒன்றும் வாங்காமல் வந்ததும் உண்டு. புரட்டிய புத்தகங்களை உயரம் மாற்றி வைத்துவிட்டுப் போவாள். கண்ணாடிக்காரர் பின்னாலேயே சரி செய்துகொண்டு வருவார்.

ஒரு நாள் சித்தி இதய நோய் பற்றிய தடிமனான புத்தகம் ஒன்றை எடுத்தாள். பின்பக்க அகர வரிசையில் 'தாமதம்' என்ற சொல்லைத் தேடினாள். இல்லை. 'நேரம்' இருந்தது. அந்தப் பக்கத்தைப் புரட்டி நின்றபடியே படித்தாள். பிறகு மூடினாள்.

"ஏங்க," என்றாள் கண்ணாடிக்காரரிடம், சாதாரணமாக விலை கேட்பது போல, "நாப்பத்தொரு செகண்டுல என்ன ஆகும்?"

அவருக்கு ஒன்றும் தெரியாது. நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "நாப்பது செகண்டுல என்னம்மா ஆகும்? ஒரு டீகூட ஆறாது."

சித்தி அப்படியே புத்தகக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "ஆறாது இல்ல?" என்றாள். "ஆறாது இல்ல?" என்று மறுபடியும் கேட்டாள். தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "ஆறாதுதான்" என்றார் அவர். அவள் சித்தியின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி அதன் உயரத்துக்கு ஏற்ற இடத்தில் வைத்தாள். ஏதாவது சொல்லப் பார்த்தாள். இரண்டு மொழியிலும் வார்த்தை கிடைக்கவில்லை.

வீட்டில் சித்தி சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், சாப்பிட மாட்டாள். குழாயில் தண்ணீர் சொட்டினால் எழுந்து போய் மூடுவாள். அது மூடித்தான் இருக்கும். "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று யாரும் கேட்காதபோதே சொல்வாள். கேட்டால் சித்தி அழுதுவிடுவாளோ என்று அவள் கேட்காமல் இருந்தாள். கேட்காமல் இருப்பதால்தான் அழவில்லையோ என்றும் தோன்றியது. சித்தி யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. காய்ச்சல் வந்தால்கூடத் தானே எழுந்து வெந்நீர் வைப்பாள். ஊருக்கெல்லாம் உதவி அனுப்புகிறவள், தனக்கென்று ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துத் தா என்று சொன்னதில்லை.

இருபத்தாறாவது நாள், ஒரு சனிக்கிழமை காலை, கடிதம் வந்தது. பழுப்பு உறை, கனமாக இருந்தது. சித்தி கையெழுத்துப் போட்டு வாங்கினாள். பிரிக்கவில்லை. கைப்பைக்குள் வைத்தாள், முடியை வாரிக்கொண்டாள்.

"வா, கடைக்குப் போலாம்."

"கடிதம்?"

"அங்க போய்ப் பாக்கலாம்."

கடையில் அப்போதுதான் கதவைத் திறந்திருந்தார்கள். சித்தி முதல் அலமாரியில் ஆரம்பித்தாள். ஒரு நாவலை எடுத்தாள், அட்டையைப் பார்த்தாள், இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். அடுத்தது நதிகளைப் பற்றிய ஒன்று, அதையும் எடுத்துக்கொண்டாள். பிறகு ஒரு பேய்க் கதை, கடிகாரம் பழுதுபார்க்கும் முறை, யாரோ ஒரு மாலுமியின் நாட்குறிப்பு. ஒன்றிலும் கடைசிப் பக்கத்தைத் திறக்கவில்லை.

கண்ணாடிக்காரர் அவளிடம் வந்து கிசுகிசுத்தார். "என்னம்மா ஆச்சு? உங்க சித்தி பின்னாடி புரட்டவே இல்லையே? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். அவர் ஓர் உயர முக்காலியைக் கொண்டுவந்து, அதன் மேலிருந்த தூசியைத் தன் சட்டைக் கையால் துடைத்து, சித்தியின் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுக் கல்லாவுக்குப் போனார். பிறகு தேவையே இல்லாமல் ஒரு புத்தகக் கட்டைப் பிரித்து எண்ண ஆரம்பித்தார்.

சித்தி உட்கார்ந்தாள். ஐந்து புத்தகங்களையும் மடியில் அடுக்கிக்கொண்டாள். கைப்பையைத் திறந்து உறையை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"ஆபீஸ் பாஷையில இருக்கும். தெருப் பேரு, சின்னச் சின்ன வார்த்தைன்னா எனக்கே புரியும். இவங்க நீட்டி நீட்டி எழுதியிருப்பாங்க. நீ பிரி."

அவள் பிரித்தாள். நான்கு பக்கம். மடித்த ஆள் கடைசிப் பக்கம் வெளியே தெரியும்படி மடித்திருந்தான். உறையிலிருந்து இழுத்தபோதே அடி வரிகள் கண்ணில் பட்டுவிட்டன. பெரியவர் பதினோராம் நாள் வீடு திரும்பினார். தாமதத்தால் அவர் உடல்நிலை மோசமானதாக மருத்துவ அறிக்கை சொல்லவில்லை. ஆனாலும் விதியை மீறியது மீறியதுதான், ஆறு மாதத்துக்குத் தொலைபேசிப் பணி கிடையாது.

அவளுடைய காது மடல்கள் சுட்டன. பெரியவர் இருக்கிறார் என்று கத்தலாம் போல இருந்தது. ஆறு மாதம் என்பதை எப்படிச் சொல்வது என்றும் இருந்தது. நிமிர்ந்தபோது சித்தி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் முகத்தில் ஒன்றும் தெரியாமல் இருக்க வேண்டுமே என்று அவள் முதல் தடவையாக முயற்சி செய்தாள். வழக்கமாக அதற்கு முயற்சி தேவைப்பட்டதில்லை.

"உங்கிட்ட ஏன் குடுத்தேன் தெரியுமா?" என்றாள் சித்தி. "உன் மூஞ்சியில ஒண்ணும் எழுதியிருக்காது. உங்கம்மாவா இருந்தா உறையைப் பாத்ததுமே அழுதிருப்பா."

அவள் காகிதங்களை விரித்து, முதல் பக்கத்தை மேலே கொண்டுவந்தாள். தாள் விளிம்பு விரல்களுக்கிடையில் சரசரத்தது. கல்லாவில் கண்ணாடிக்காரர் எண்ணுவதை நிறுத்தியிருந்தார்.

சித்தி மடியிலிருந்த புத்தகங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், செய்வியா? முதல் வரியில இருந்து படி. நடந்த வரிசையிலதான் எழுதியிருப்பாங்க, அந்தக் குழந்தை முதல் பக்கத்துல இருக்கும், பெரியவர் கடைசியிலதான் வருவார். ஒண்ணையும் தாண்டாதே, நான் கெஞ்சினாலும் முடிவை முன்னாடி சொல்லிடாதே. அன்னைக்கு அவர் காத்துக்கிட்டு இருந்தாரு இல்ல? நானும் இருக்கேன். நீ மெதுவாவே படி."