மூன்றாவது கதையில் கதவு திறந்தவர்

ஒரே ஹோட்டலில் நடக்கும் நான்கு நகைச்சுவைக் கதைகள் சேர்ந்த படம் அது. முதல் கதைக்குச் சிரித்தேன். இரண்டாவதற்குக் கொட்டாவி விட்டேன். மூன்றாவதில் கிளம்ப எழுந்தபோது, பக்கத்து இருக்கைக்காரர் இருட்டில் என் கையைப் பிடித்தார். "குந்து சார், இப்ப நான் வருவேன்!"

ஒரகடத்தில் கொரியர்கள் தங்கும் ஹோட்டலில் கதவு திறப்பவராம். படப்பிடிப்பு அங்கேதானாம். தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டு, மனைவியோடு வந்திருந்தார்.

திரையில் கதவைத் திறந்தவர், கொரியர்களுக்குச் செய்து பழகியபடி இடுப்பு வரை குனிந்தார். நிமிர்வதற்குள் காட்சி மாறிவிட்டது.

"மூஞ்சி எங்கய்யா?" என்றார் மனைவி.

"வழுக்க என்னுதுதாம்மே."

"அத்தத்தான் தெனம் வூட்ல பாக்கறனே!"

"சார், நீயே சொல்லு சார்."

அரசு அதிகாரியாகப் பணியில் இருந்த காலத்தில் முகம் பார்க்காமல் யாருக்கும் நான் சான்றளித்ததில்லை. "இவரேதாம்மா" என்றேன்.

வெளியேறும்போது எனக்காகக் கதவைத் திறந்து, அப்படியே குனிந்தார். அவர் முகம் எனக்கு இன்றுவரை தெரியாது.