அறுநூற்றுப் பன்னிரண்டாவது அட்டை

எங்கள் தொழிலில் மெஷின் பொய் சொல்லாது. அதனால் மனுஷர்கள் எல்லோரையும் சந்தேகப்பட்டே ஆகவேண்டும். இதே தொழிலில் அடிபட்ட உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

எழுபதுகளில் செங்கல்பட்டில் எனக்கு ரேஷன் கார்டு விலாசங்களைக் கம்ப்யூட்டரில் மாற்றும் வேலை. ஒரு மாற்றத்துக்கு, மெஷின் படிக்கும்படி துளை போட்ட ஒரு அட்டை.

கட்டின் கனம்

கருங்குழியிலிருந்து அட்டைக் கட்டைக் கொண்டுவருபவர் குமாஸ்தா வரதன். எத்தனை என்று கேட்டால் கையில் தூக்கிப் பார்ப்பார். அவர் சொன்ன கணக்கை நம்பி, எதற்கும் கொஞ்சம் கூட்டி, ஐந்நூறு அட்டைக்கு இடம்விட்டு புரோகிராம் எழுதினேன். கணக்குச் சொல்லும்போதே அவர் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு. “முந்நூறு தேறும் அண்ணாத்த. எண்ணிக்கினு இருந்தா பஸ்ஸு பூடும்.”

ஏப்பம்

படாளத்திலிருந்து கோவளத்துக்குக் குடிபோன காதர் பாய் வந்து நின்றார். விலாசம் மாறவில்லை, கோவளத்துக் கடையில் சர்க்கரை கிடையாது, மகளுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். வரதனைச் சந்தேகப்பட்டேன். துளை போட்ட பெண்ணைச் சந்தேகப்பட்டேன். மெஷினின் முதுகைக் கழற்றி எலி தேடினேன். பாதி தாலுகாவின் விலாசத்தைத் தின்று கொழுத்த எலி ஒன்று என்னை முறைத்ததாகக்கூட ஞாபகம்.

கடைசியில் கட்டை எண்ணினேன். அறுநூற்றுப் பன்னிரண்டு. பாயின் அட்டை கடைசி. ஐந்நூறோடு என் புரோகிராம் வாயை மூடிக்கொண்டு, மிச்சத்தைச் சத்தமில்லாமல் விட்டிருந்தது. பாய் சொன்னார்: “வயிறு ரொம்பினா மனுசன் ஏப்பமாவது வுடுவான் தம்பி. இது அதுவும் வுடலையே!”

சிவப்பு அட்டை

புரோகிராமை மாற்றி எழுதினேன். எண்ணிக்கையே கேட்காதே, நூறு எடு, டேப்பில் பதி, மறுபடி நூறு எடு, கட்டு முடிந்ததற்கு அடையாளமாகத் தனித் துளை போட்ட சிவப்பு அட்டை வந்தால் கையில் இருக்கும் மிச்சத்தையும் பதித்துவிட்டு நிறுத்து. கட்டுக்கு ஒரு சிவப்பு அட்டை வைக்கும்படி வரதனிடம் சொல்லி, பழைய கட்டையும் கொடுத்தனுப்பினேன்.

திரும்பி வந்த கட்டை மெஷின் ஒரே நொடியில் முடித்தது. மாற்றங்கள்: பூஜ்யம். அன்றும் வந்திருந்த பாய் என்னைப் பார்த்தார், நான் வரதனைப் பார்த்தேன். சிவப்பு அட்டை கட்டின் உச்சியில்! வரதன் அசரவில்லை: “குங்குமக் கலரு அண்ணாத்த. அத்தப் போயி அடியில வெப்பாங்களா?”

அடியில் வைத்து ஓட்டினேன். அறுநூற்றுப் பன்னிரண்டும் ஏறின. அச்சான பட்டியலில் தன் பெயரை விரலால் மூன்று முறை தடவிப் பார்த்த காதர் பாய், கிளம்பும்போது திரும்பினார். “பேரு கீது. ஆனாலும் தம்பி, சர்க்கர வூடு வந்து சேர்ற வரைக்கும் அந்தாளு கையில செவப்பா எதையும் குடுக்காதீங்க.”

எத்தனை வரும் என்று யாருமே சரியாகச் சொல்லாத தொழிலில், ‘இது போதும்’ என்று முதலில் சொல்பவன்தான் மாட்டிக்கொள்கிறான்.