முதல் அறையில் எடுத்த படம்

எங்கள் ஆய்வுகூடத்தில் முதல் அறையில் நோயாளியின் குருதியைச் சோதனைக்குத் தயார் செய்வோம். கடைசி அறையில் இயந்திரம் அதிலுள்ள கிருமியின் மரபுத்துணுக்கைக் கோடிக்கணக்கில் பெருக்கும். கடைசி அறைக்குள் போனவர் அன்றைக்கு முதல் அறைக்குள் திரும்பி வரக்கூடாது. பெருகியதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி உடுப்பில் ஒட்டி வந்தாலும், நோயில்லாதவருக்கும் நோய் என்று முடிவு வந்துவிடும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு எங்கள் பணிப்பாளர் இதை எப்போதும் ஒரே மாதிரித்தான் விளங்கப்படுத்துவார்.

"செத்தவீட்டுக்குப் போனால் தலை தோயாமல் வீட்டுக்குள்ளை வருவியளோ? உதுவும் அப்பிடித்தான்."

இந்த வருடம் மூலக்கூற்று நோயறிதல் துறையின் முன்னோடி விருது அவருக்கு என்று அறிவித்தார்கள். போன வருடம் அதை வாங்கியவர் இந்த வருடம் தெரிவுக்குழுவில் இருந்தார். போன வருடம் அவருக்குக் கொடுத்த குழுவில் எங்கள் பணிப்பாளர் இருந்தார். இதை யாரும் ஒளிக்கவில்லை, யாரும் வெட்கப்படவுமில்லை.

திங்கட்கிழமை விழா மேடைக்கான படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். கடைசி அறையில் வெளிச்சம் போதவில்லையாம். முதல் அறை வெள்ளையாக, வடிவாக இருக்கிறதாம். பணிப்பாளர் நெற்றியில் சந்தனமும் கழுத்தில் ரோசாமாலையுமாக, கடைசி அறையிலிருந்து ஒரு சோதனைக் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே முதல் அறைக்குள் போனார்.

"சேர், அது பெருக்கின குழாய்," என்றேன்.

"ஒரு நிமிசம் பிள்ளை. மூடியைத் திறந்து பிடிச்சால்தான் வேலை செய்யிற மாதிரி இருக்கும்."

திறந்தார். சிரித்தார். படம் எடுத்தார்கள். அது ஈரல் அழற்சி சி வைரசின் மரபுத்துணுக்கு நிறைந்த குழாய். ரோசாவிதழ்கள் மேசையில் உதிர்ந்து கிடந்தன. அவற்றைப் பொறுக்கிக் கழிவுப் பையில் போட்டேன். அறையைப் பூட்டிக் கழுவ வேண்டும் என்று கேட்டேன். விழா வாரத்தில் வேலையை நிறுத்த முடியாது என்றார்.

அடுத்த நாள் அதே மேசையில் அதே வைரசுக்காகச் சோதித்தவற்றுள் நீர்வேலியைச் சேர்ந்த பெண் ஒருவரின் குருதியும் இருந்தது. வாழைத்தோட்டக்காரர். சிறுநீரகம் இரண்டும் பழுதாகிப்போன தன் தம்பிக்கு ஒரு சிறுநீரகம் கொடுக்க இருந்தார். கொழும்பில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. வைரசு இல்லை என்ற இந்த ஒரு முடிவுதான் மிச்சம்.

வைரசு இருக்கிறது என்று வந்தது. கூடவே, ஒன்றுமே இல்லை என்று வரவேண்டிய வெறும் தண்ணீர் விட்ட சோதனைக் குழாயிலும் இருக்கிறது என்று வந்தது. எதற்கென்றே ஒவ்வொரு முறையும் அந்தத் தண்ணீரை வைக்கிறோமோ, அதற்கு அது பயன்பட்டது. எங்கள் அறை அழுக்காகிவிட்டது.

பணிப்பாளரிடம் காட்டினேன். முகம் மாறவில்லை.

"ரத்தம் உறைஞ்சு போச்சு, திரும்ப எடுக்கவேணும் எண்டு சொல்லுங்கோ. அறையை விழா முடியக் கழுவலாம்."

"ரத்தம் நல்லாத்தானே இருந்தது, சேர்."

"அவைக்கு அது விளங்குமே?"

சொன்னால் விளங்கும் என்றுதான் எனக்குப் பட்டது. முடிவுக்காக வெளியே மரவாங்கில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப என்ரை ரத்தத்திலை பிழையில்லையோ, மிஸ்?"

"உந்த முடிவை நம்பேலாது, அக்கா. பிழை எங்கடை அறையிலை. படம் எடுக்கப் போய் வந்தது."

"படமோ?" என்றார். "எங்கடை கோயில் ஐயர் மாப்பிளையைக்கூடச் செருப்போடை உள்ளை விடமாட்டார்."

மறுபடி குருதி எடுத்து, என் பெயரில் கடிதம் வைத்து, அன்றைய பேருந்திலேயே கொழும்பிலுள்ள வேறோர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். அன்றைய மற்ற முடிவுகளையும் நிறுத்திவைத்து, முதல் அறையை நானே பூட்டிக் குளோரீன் போட்டுக் கழுவினேன். பணிப்பாளர் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்.

சனிக்கிழமை விழா. அளவெட்டி நாதஸ்வரம், குத்துவிளக்கு, பன்னீர். மேடையின் பின்னால் சுவரளவு அந்தப் படம் தொங்கியது. திறந்த குழாய், வெள்ளை மேசை, மாலை. மண்டபம் முழுக்க இதே துறையில் பெயரெடுத்தவர்கள். போன வருட விருதாளர் என் பக்கத்தில் இருந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி, உது முதல் அறையெல்லே?"

"ஓம் சேர்."

"குழாய் திறந்திருக்கு."

"ஓம் சேர்."

"ம்," என்றார். பிறகு மேடையிலிருந்து தன் பெயர் சொல்லி அழைக்க, எழுந்து போய்ப் பணிப்பாளருக்குப் பொன்னாடை போர்த்தினார். ஒரு பிழையான முடிவும் வெளியே போகாத ஆய்வுகூடம் என்று வாழ்த்துரையில் வாசித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் சிற்றுண்டிப் பெட்டியைக் கதிரையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

திங்கட்கிழமை காலை அந்தப் படத்தைச் சட்டமிட்டு எங்கள் வாசலில் மாட்டியிருந்தார்கள். நீர்வேலிப் பெண் ஒரு சீப்புக் கதலியோடு வந்தார். கொழும்பு முடிவு வந்துவிட்டது, வைரசு இல்லை, பின்னேரம் தம்பியோடு புறப்படுகிறார்கள். சொல்லிவிட்டுத் திரும்பும்போது படத்தின் முன் நின்றார்.

"இந்தப் படமோ, மிஸ்?"

"ஓம், அக்கா."

மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"ரோசாமாலை நல்ல வடிவு," என்றார். தம்பி காத்திருக்கிறான் என்று படியிறங்கிப் போனார்.