ஐந்து விரல் சம்மதம்

திருப்பதியில் எங்கள் அலுவலகத்துக்குப் பெரிய கூடம் கிடையாது. அதனால் இரண்டு நாள் காலாண்டுத் திட்டக் கூட்டத்தை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். தெலுங்குக்காரர்கள் கல்யாணம் வைக்காத ஆஷாட மாதம், முகூர்த்தம் இல்லை, மண்டபம் காலியாகத்தான் கிடந்தது. மணமக்கள் உட்காரும் மேடையில் எங்கள் மேலாளர் மைக்கோடு நின்றார். கீழே மேஜைக்கு ஒரு குழு என்று உட்கார்ந்திருந்தோம். எல்லோர் முன்னாலும் லேப்டாப், ஒட்டும் துண்டுச்சீட்டுகள், மண்டபத்துக்காரர் கொடுத்த காபி. சித்தூரில் என் மனைவி அந்தக் கூட்டம் முடிவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

அவள் சித்தூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வேலூரில் டயாலிசிஸ் பயிற்சி ஒன்றுக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆறு மாதம், தினமும் போய் வரலாம், ஆனால் வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். எங்கள் பெண்ணுக்கு ஆறு வயது. பள்ளிவிட்டு வந்தால் பக்கத்து வீட்டு அக்கா ஆறு மணி வரை பார்த்துக்கொள்வார். அதற்குமேல் நான் இருந்தாக வேண்டும். நானோ திருப்பதியிலிருந்து பஸ் பிடித்து வந்து சேரும்போது குழந்தை தூங்கிப்போயிருக்கும். வேலூர்க்காரர்களுக்குக் கூட்டத்தின் கடைசி நாள் மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"இன்னிக்குத் தெரிஞ்சிடுமா?" என்று அன்று காலையில் கேட்டாள்.

"தெரிஞ்சிடும்" என்றேன்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. நாலு வருடம் முன்பு நான் ஒரு சின்னக் குழுவில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். மருத்துவமனைகளுக்கான பில்லிங் மென்பொருள். காலையில் நின்றுகொண்டே பதினைந்து நிமிடம் பேசுவோம். நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப் போகிறோம், எது தடை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்ததைக் காட்டுவோம், தப்பு இருந்தால் திருத்துவோம். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. நான் சந்தோஷமாக இருந்தேன், அதை இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை.

குழு நன்றாக ஓடியதுதான் வினையாகிவிட்டது. இதையே எல்லாக் குழுக்களுக்கும் விரித்துவிடலாம் என்று மேலே முடிவு செய்தார்கள். திருப்பதி, சென்னை, பெங்களூர், ஹைதராபாத் என்று எல்லா ஊர்க் குழுக்களும் ஒரே தாளத்தில் நடக்க வேண்டுமாம். பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். குழுக்களெல்லாம் ஒரே ரயிலின் பெட்டிகள், எல்லாம் ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாகப் போய்ச் சேரும் என்றார். நகரியிலிருந்து ரயிலில் கல்லூரிக்குப் போனவன் நான். ரேணிகுண்டாவுக்கு வெளியே சிக்னலுக்காக நின்ற நேரத்தில் பாதிப் பாடம் படித்து முடித்திருக்கிறேன். இருந்தும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், பெட்டிகளுக்கு நடுவே இணைப்பை யார் பார்ப்பார்கள் என்று கேட்டுவிட்டேன். நல்ல கேள்வி, நீங்களே பாருங்கள் என்றார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை.

அன்றிலிருந்து நான் ஒரு வரி புரோகிராம் எழுதவில்லை. காலையில் குழுக்கள் நின்று பேசும். பிறகு குழுத் தலைவர்கள் நின்று பேசுவோம். பிறகு தலைவர்களின் தலைவர்கள். எங்கள் டெஸ்டர் பெண் காலையில் "சர்வர் செத்துக்கினு கீது" என்று சொன்னது, கூட்டம் கூட்டமாக ஏறி, மாலையில் "சிறு தாமதம், கட்டுப்பாட்டில் உள்ளது" என்று எனக்கே திரும்பி வரும். சர்வர் அப்படியேதான் கிடக்கும். நேரில் பார்த்துப் பேசுவதுதான் இந்த முறையின் உயிர் என்று சொல்லி, வீட்டிலிருந்து வேலை செய்வதையும் நிறுத்திவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பெண் இட்லித் தட்டின் முன்னால் நின்றுகொண்டு, "நைனா, நேத்து நான் ரெண்டு இட்லி துன்னேன். இன்னிக்கு மூணு துன்னப் போறேன். தடை, சட்னி காரம்" என்றாள். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தை என்னிடமிருந்து கற்றுக்கொண்டது இது ஒன்றுதானா என்று இருந்தது.

என்னைப் பழைய வேலைக்கே அனுப்பச் சொல்லி மேலாளரிடம் பலமுறை கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. சத்தமே போடமாட்டார், அதுதான் கஷ்டம். தோளில் கை போட்டு, "இந்த ஒரு திட்டக் கூட்டம் முடியட்டும் தம்பி" என்பார். மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம் முடிந்துகொண்டே இருந்தது. இந்த முறை மட்டும் கொஞ்சம் இறங்கி வந்தார். "திட்டத்தை எல்லாரும் பார்ப்பாங்க. நீ இல்லாம ஓடும்னா உன்னை உன் குழுவுக்கே அனுப்பறேன், பழையபடி வீட்லேர்ந்தே வேலை பாரு" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

மண்டபத்துச் சுவரில் ஒரு பெரிய வெள்ளைப் பலகை வைத்திருந்தார்கள். எந்தக் குழுவின் வேலை எந்தக் குழுவை நம்பி நிற்கிறது என்று சிவப்பு நூல் கட்டிக் காட்டுவது வழக்கம். இரண்டாம் நாள் மதியம் நான் அதைத் தள்ளி நின்று பார்த்தேன். பாதிக்குமேல் நூல்கள் நேராக எந்தக் குழுவுக்கும் போகவில்லை. நடுவில் என் பெயர் எழுதிய சீட்டுக்குப் போய் அங்கிருந்து பிரிந்தன. பில்லிங் குழுவுக்கு மருந்தகக் குழுவிடம் ஒரு சந்தேகம் என்றால்கூட என்னிடம்தான் வர வேண்டும். அவர்கள் பக்கத்துப் பக்கத்து மேஜை. நான் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் இந்த ரயில் நின்றுவிடும். அப்படிப்பட்டவனை யார் அனுப்புவார்கள்?

ஒரு வழிதான் இருந்தது. கூட்டத்தின் கடைசியில் நம்பிக்கை வாக்கெடுப்பு உண்டு. திட்டம் நடக்கும் என்று முழு நம்பிக்கை இருந்தால் ஐந்து விரல் காட்ட வேண்டும், நடக்காது என்றால் ஒரு விரல். குறைவாக வந்தால் திட்டத்தைப் பிரித்துத் திருப்பிப் போட வேண்டும் என்பது விதி. பிரித்தால், குழுக்கள் தங்களுக்குள் நேராகப் பேசிக்கொள்ளும்படி அமைத்துவிடலாம், நான் தேவைப்படமாட்டேன். என் பழைய குழுவிடம் போய், இந்தத் திட்டம் நடக்குமென்று நினைக்கிறீர்களா என்று மெதுவாகக் கேட்டேன்.

"எங்கண்ணா நடக்கும்?" என்றாள் புத்தூரிலிருந்து வரும் டெஸ்டர் பெண்.

"அப்ப அதையே காட்டும்மா."

அவள் மேடையைப் பார்த்தாள். "கல்யாண மண்டபத்துல உக்காந்துக்கினு, பெரியவரு சம்மதமான்னு கேக்க சொல்ல, ஆவாதுன்னு எப்படிண்ணா கை காட்றது? இப்பதான் பாயசத்தோட துன்னுட்டு வந்தோம்."

அவள் சொன்னது வேடிக்கை இல்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சபையைப் பார்த்து எல்லோருக்கும் சம்மதமா என்று கேட்பார்கள். அதற்கு ஆம் என்று சொல்வதற்குத்தான் சபை. வேண்டாம் என்று நினைத்த மாமன்கூட அட்சதை போட்டுவிட்டுத்தான் வெளியே போய் முணுமுணுப்பார். பெங்களூர்ப் பயிற்சியாளருக்கு இது தெரிய நியாயமில்லை. இருக்கிற இடங்களையெல்லாம் விட்டுவிட்டு இங்கே கொண்டுவந்து மனசாட்சிப்படி விரல் காட்டு என்றால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்?

மேலாளர் மைக்கில் கேட்டார். மண்டபம் முழுக்கக் கைகள் விரிந்தன. எல்லாம் ஐந்து ஐந்தாக. என் பழைய குழுவும் ஐந்து, அந்தப் பெண் மட்டும் என்னைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை மடக்கி நாலாக்கினாள். நான் எழுந்து நின்று ஒரு விரலைக் காட்டினேன்.

மேலாளர் மைக்கைக் கொடுத்தனுப்பினார். நான் சொன்னேன். இந்தத் திட்டம் பல குழுக்களின் திட்டம் இல்லை, ஒரு ஆளின் திட்டம். அந்த ஆள் நான். பலகையில் என் சீட்டைக் கிழித்துவிட்டுப் பாருங்கள், எதுவும் எதோடும் சேராது. என்னை எடுத்துவிடுங்கள், குழுக்கள் தாங்களாகப் பேசிக்கொள்ளட்டும். தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றி என்ன பேசினேனோ, நினைத்ததெல்லாம் சொல்லிவிட்டேன்.

மேலாளர் மேடையிலிருந்து இறங்கி என்னிடமே நடந்து வந்தார். கண் கலங்கியிருந்தது, நடிப்பு இல்லை. "சாலா பாகுந்தி, ரொம்ப நல்லாயிருக்கு" என்று என் கையைப் பிடித்தார். இந்த நேர்மைக்காகத்தானே இவ்வளவும் செய்தோம் என்றார். எங்கே இணைப்பு பலவீனமாக இருக்கிறதென்று தைரியமாகச் சொல்கிற ஒரு ஆள் ஒவ்வொரு ஊருக்கும் வேண்டும், அப்படி ஆட்கள் உருவாகும்வரை சென்னையையும் ஹைதராபாத்தையும் இவரே சேர்த்துப் பார்ப்பார் என்று என்னைக் காட்டி மைக்கில் அறிவித்தார். பயிற்சியாளர் முதலில் கை தட்டினார். பிறகு எல்லோரும். வேண்டாம் என்று இதைவிடப் பலமாக எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே செருப்பு விடும் இடத்துக்கு வந்து மனைவியைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். வேலூருக்கு இன்னும் ஒரு வாரம் தவணை கேட்டுப் பார், நான் வேறு ஏதாவது வழி பண்ணுகிறேன் என்றேன்.

"மத்தியானமே அவங்க போன் பண்ணாங்க. வர முடியாதுன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"சாயங்காலம் வரைக்கும் டைம் இருந்துச்சே. நான் பேசறதுக்கு முன்னாடியே ஏன் சொன்ன?"

"நீங்க நல்லா வேலை செய்றவரு. உங்கள எப்படி விடுவாங்க?" அவள் குரலில் கோபம் இல்லை. "எங்க வார்டுலயும் அதே கதைதான். குழந்தைங்களுக்கு நரம்பு கெடைக்கலன்னா என்னைத்தான் கூப்புடுவாங்க. எட்டு வருஷமா ஊசி போட்டுக்கினே கீறேன், வேற எடம் கேட்டா, உன்ன மாதிரி யாரு போடுவாங்கன்னு தட்டிக் குடுத்து அனுப்பிடறாங்க. அதுலேர்ந்து வெளிய வரலாம்னுதான் நான் வேலூருக்கு எழுதிப் போட்டேன்."